ரெண்டு நாள் சொட்டும்

“இதே மாதிரி இன்னொரு மடங்கு அடிங்க. என் வீட்டுக்காரருக்கு மட்டும் தெரிய வேண்டாம்.”

எண்ணெய் பீய்ச்சும் குழாயை இறக்கினான் மெக்கானிக் ரெயால். கனடாவின் கியூபெக்கில் பனிக்காலம் வந்தால் சாலையெல்லாம் பனியை உருக்கக் கொட்டும் உப்பு. அது அரிக்காமலிருக்க, தலைக்கு மேல் தூக்கி நிறுத்திய காரின் அடிப்பக்கத்தை எண்ணெயால் குளிப்பாட்டிக்கொண்டிருந்தான். காலையில் காரை விட்டுப் போனவன் நோர்மான். இப்போது வந்து நிற்பவள் அவன் மனைவி ஒடில்.

“துருவுக்கு இதுவே தாராளம் மேடம். அதிகமானா ரெண்டு நாளைக்குப் போற வழியெல்லாம் சொட்டும்.”

“சொட்டட்டும். துடைக்கவும் வேண்டாம்.”

“பிரேக்குல பட்டுதுன்னா ஆளே காலி!” என்றான் பாதி விளையாட்டாக.

ஒடில் சிரிக்கவில்லை. “பிரேக்குல படக் கூடாது. போற இடத்துக்கு அவர் பத்திரமாப் போய்ச் சேரணும்.”

ரெயால் அவளை ஏற இறங்கப் பார்த்தான். இந்த அம்மா என்னவோ விபரீதத்துக்குத் துணிந்துவிட்டாள் என்று பட்டது. ஆனாலும் மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. கேட்டபடியே அடித்துவிட்டு, பிரேக்கை மட்டும் இரண்டு தடவை பார்த்துக்கொண்டான்.

இரண்டு மணிக்கு நோர்மான் வந்தான். புதுச் சட்டை, செண்டு வாசனை.

“என்னப்பா, இன்னிக்கும் எட்டு மணி வரைக்கும் வேலையா?”

“பனி விழற வரைக்கும் இதே பொழப்புதான். பொண்டாட்டி மூஞ்சியையே ஞாயித்துக்கிழமைதான் பாக்கறேன்!”

நோர்மான் வாய்விட்டுச் சிரித்தான். சொல்லிவிடலாமா என்று ரெயாலுக்கு நாக்கு நுனிவரை வந்தது.

“வீட்டுல எல்லாம் சுமுகமா?” என்று மட்டும் கேட்டான்.

“அவளா? அவ ஒரு அப்பாவிப்பா.”

கார் போய்விட்டது. ரெயாலுக்கு வேலையே ஓடவில்லை. போன் அடிக்கும்போதெல்லாம் விபத்துச் செய்தியோ என்று ஓடிப்போய் எடுத்தான். ஒரு மனுஷனின் உயிருக்கு உலை வைக்கத் துணை போய்விட்டோமோ? பாவி, ஒரு வார்த்தை எச்சரித்திருக்கலாமே!

நாலரைக்கு எண்ணெய் பீய்ச்சும் கம்ப்ரெசர் படாரென்று வெடித்துப் படுத்துவிட்டது. காத்திருந்தவர்களை நாளைக்கு வரச் சொல்லிவிட்டு வீட்டுக்குக் கிளம்பினான்.

முதல் சிக்னலில் கண்ணில் பட்டது பழுப்புத் திட்டு. அவன் கையால் அடித்த எண்ணெய்தான், சந்தேகமில்லை. நோர்மான் வீடு ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஆயிற்றே, இங்கே என்ன வேலை?

சொட்டுகள் மாதா கோயிலைத் தாண்டி வலப்பக்கம் திரும்பின. ரெயாலும் அங்கேதான் திரும்ப வேண்டும். நாலாவது வீட்டு வாசலில் ஏறி, இழுத்து மூடிய கார் கொட்டகையின் கதவுக்கு அடியில் போய் மறைந்தன. அந்தக் கதவின் சாவி ரெயாலின் சட்டைப்பையில் இருந்தது.

வாசலில் ஒடில் நின்றிருந்தாள், இரண்டு கைகளும் கோட்டுப் பைக்குள். அவனைப் பார்த்ததும் அவள் முகத்தில் அப்படியொரு நிம்மதி.

“நல்லவேளை, தெரிஞ்சவர் நீங்க வந்தீங்க. இது யாரு வீடுங்க?”