நத்தையை எழுப்பப் போன கம்பி

காது கேளாத ஒரு குழந்தையின் காதுக்குள், பிறந்ததிலிருந்து, ஒலியைக் கேட்டுச் சொல்லவேண்டிய ஒரு நத்தை சுருண்டு படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. அதை எழுப்பத்தான் டாக்டர் மயிரிழை போன்ற ஒரு கம்பியை உள்ளே அனுப்பினார். கம்பியின் நுனிக்கு ஒரே அவசரம். விறுவிறுவென்று போய், நத்தைக்கூட்டின் வளைவில் முட்டி, வந்த வழியே மடங்கிக்கொண்டது. மடங்கியது அதற்கே தெரியவில்லை. குளத்து நீரில் மிதப்பதுபோல் சுகமாக இருந்தது.

வெளியே, கம்பியில் மின்சாரம் ஓடுகிறதா என்று மட்டும் பார்க்கும் சோதனைப் பெட்டி கேட்டது: "வந்தாச்சா?"

"வந்தாச்சு!" என்றது நுனி. பெட்டிக்குத் திருப்தி.

எக்ஸ்ரே மட்டும் உள்ளே எட்டிப் பார்த்தது. "வந்தது சரி. இப்ப யாரை ஒட்டிக்கிட்டு இருக்கே?"

நுனி அப்போதுதான் பார்த்தது. நத்தை என்று நினைத்து அது கட்டிக்கொண்டிருந்தது தன் உடம்பையேதான்.

"ஐயோ, வெளியே சொல்லிடாதே. நான் இப்படியே இருந்துக்கறேன்."

"அப்போ குழந்தை?"

எக்ஸ்ரே டாக்டரிடம் காட்டிக்கொடுத்துவிட்டது. டாக்டர் கம்பியை உருவி, மறுபடியும் மெல்ல மெல்ல அனுப்பினார். இந்தத் தடவை நுனி சுவரைத் தடவித் தடவிப் போனது.

"வந்தாச்சா?" என்றது பெட்டி.

நுனி வாயைத் திறப்பதற்குள், இருட்டிலிருந்து ஒரு தூக்கக் குரல் முந்திக்கொண்டது.

"யாரது?"