களஞ்சியச் சுவரின் பிளவு

வேல்ஸ் நாட்டுப்புறத்தில் அவர்கள் வாடகைக்கு எடுத்திருந்த பழைய பண்ணையில், சதுர முற்றமொன்றைச் சூழக் கல்லால் கட்டிய நான்கு கொட்டில்கள் நின்றன. அவற்றுள் ஏதோ ஒன்றில் தம் மனைவி பவளராணி அகப்பட்டுக்கொண்டாள் என்று குகதாசன் அஞ்சினார். அவள் கூப்பிடுவது கேட்டது. மூச்சு இழுப்பதும் கேட்டது. அவளுடைய இன்ஹேலரோ அவர் கையில் இருந்தது.

மாட்டுத்தொழுவம், குதிரைலாயம், வண்டிக்கொட்டில் ஆகிய மூன்றையும் திறந்து பார்த்தார். அவருக்கு முன்னே வெயில் உள்ளே போனதேயன்றி அங்கு எவரும் இல்லை. எஞ்சிய தானியக் களஞ்சியத்தின் கதவு அசைய மறுத்தது.

"ராணி, உதுக்குள்ளையோ நிக்கிறாய்?"

"எதுக்குள்ளை? விசர்க்கதை கதையாதேங்கோ. எனக்கு மூச்சு முட்டுது, நீங்கள் ஒளிச்சுப் பிடிச்சு விளையாடுறியள்."

களஞ்சியச் சுவரில் காற்றுக்காக விடப்பட்டிருந்த ஒடுங்கிய பிளவினூடாக, இன்ஹேலர் பிடித்த கையை அவர் முழங்கைவரை நுழைத்தார். இருட்டுக்குள் குளிர்ந்த விரல்கள் அதை வாங்கிக்கொண்டன. 'புஸ்' என்ற ஓசை இருமுறை எழுந்தது. மெல்ல மெல்ல அவள் மூச்சுச் சீரடைய, அவருக்குப் போன உயிர் திரும்பியது.

"அப்பாடா! சரி, கையை உள்ளுக்கு இழுங்கோ. இஞ்சை வெளியிலை மழை அடிச்சு ஊத்துது. ஓமப்பா, நீங்கள் எப்பிடி உதுக்குள்ளை போய் மாட்டுப்பட்டனியள்?"

குகதாசன் அண்ணாந்து பார்த்தார். வானத்தில் ஒரு முகிலும் இல்லை. கையை மெல்ல இழுத்தார். சட்டைக்கை முழங்கைவரை நனைந்து, அதன் நுனியிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது.