மூன்று தரம் எழும்பிப் போன ஒலிவ்

"ஒலிவக்கா! திரும்பவும் எங்க போறீங்க?"

பயிற்சி நடத்திக்கொண்டிருந்த உதயரூபனுக்குப் பொறுமை போய்விட்டது.

"ஒரு போன் கோல் சேர். ரெண்டே நிமிசம், ஓடி வந்திருவன்."

சொல்லி முடிக்க முதலே ஒலிவ் கதவைத் தாண்டிவிட்டார்.

புளியந்தீவில் ஒரு காப்புறுதிக் கம்பனியின் மேல்மாடி. பத்தொன்பது முகவர்கள். கம்பனி புதிதாகக் கொண்டுவந்த பென்சன் திட்டத்துக்குத்தான் வகுப்பு. உள்ள காசை மொத்தமாக ஒரே தரம் கட்டினால், உயிரோடு இருக்கும்வரை மாதாமாதம் பணம் வரும். கட்டியதைத் திருப்பி எடுக்க மட்டும் ஏலாது.

திட்டம் வந்து இரண்டு கிழமை. எல்லாரும் விற்கத் தொடங்கியாயிற்று. பயிற்சியோ இன்றைக்குத்தான். தாலியைக் கட்டிப்போட்டுச் சாதகம் பார்க்கிற கதை.

முழு நாளும் இருந்து முடித்தால்தான் சான்றிதழ். அது இல்லாதவர் நாளையிலிருந்து இந்தத் திட்டத்தை விற்க முடியாது. மூன்று தரம் வகுப்பை விட்டு எழும்பிப் போனாலும் சான்றிதழ் கிடையாது என்று உதயரூபன் காலையிலேயே கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

அது ஒலிவுக்குத் தெரியாதா என்ன? புருஷன் பிரடெரிக் பாரிசவாதம் வந்து படுத்து நாலு வருசம். அந்த வீட்டில் அடுப்பு எரிவதே ஒலிவின் கொமிசனில்தான்.

"ஒலிவக்காட தூண்டில்ல பெரிய மீன் போல சேர்," என்றான் ஏறாவூர் இர்ஷாத். "நாங்க இங்க படிக்கிறம். அவ அங்க இழுக்கிறா!"

வகுப்பு கொல்லென்று சிரித்தது. உதயரூபன் சிரிக்கவில்லை. காலையில், "இந்தக் காசு வேற எதுக்கும் எண்டு வச்ச காசா? அதத்தான் முதல்ல கேக்கோணும்" என்று அவர் சொல்லிக்கொடுத்தபோதும் இந்த மனுசி எழும்பிப் போனது. இப்போது, "புருஷன் பேர்ல மட்டும் எடுத்தா, அவர் கண்ண மூடின அண்டைக்கே பென்சனும் நிண்டுரும், பெண்சாதிக்கு ஒண்டும் வராது" என்று சொல்லும்போதும் போகிறது. முக்கியமான இடம் பார்த்துத்தான் போகுமோ?

ஒலிவ் திரும்பி வந்து பூனைமாதிரி உட்கார்ந்தார்.

"இன்னொருக்கா எழும்பினா என்ன நடக்கும் எண்டு தெரியுந்தானே, அக்கா?"

"ஓம் சேர்."

உதயரூபன் பாடத்தைத் தொடர்ந்தார்.

"வாங்கின ஆளுக்கு மனம் மாறினா, பத்திரம் கையில கிடைச்சு இருபத்தொரு நாளுக்குள்ள வேணாமெண்டு எழுதிக் குடுக்கலாம். கட்டின காசு முழுக்கத் திரும்பி வரும். அந்த நாள் தாண்டினா ஏலாது."

ஒலிவ் எழும்பினார்.

"அக்கா, இது மூணாந்தரம்."

"தெரியும் சேர்."

"சான்றிதழ் இல்ல."

ஒலிவின் முகம் ஒரு கணம் வாடியது. பிறகு, "ஓம் சேர்," என்று சொல்லிவிட்டுப் போயே போய்விட்டார்.

என்ன ஆசை இந்த மனுசிக்கு! உதயரூபன் வரவு இடாப்பை எடுத்து, ஒலிவின் பெயருக்கு நேரே சிவப்புப் பேனையால் ஒரு புள்ளடி போட்டார்.

ஒலிவ் வந்து உட்கார்ந்து ஐந்து நிமிடம் ஆகவில்லை. மேசையில் வைத்த அவருடைய போன் அடித்தது. அவர் கை நீட்ட முதல் உதயரூபன் அதை எடுத்துவிட்டார்.

"அப்பிடி என்ன அவசர வியாபாரம் எண்டு எல்லாருமாக் கேப்பம்," என்று ஸ்பீக்கரைப் போட்டார்.

"தங்கச்சி, நான் தேற்றாத்தீவு அழகரத்தினம். நீங்க இப்ப சொன்னபடியே, இது மகள்ற வீட்டுக்கு வச்ச காசு, அதால பத்திரம் வேணாம் எண்டு கடிதம் எழுதுறன். உங்களிட்ட எடுத்த கந்தப்போடியண்ணரும் பக்கத்தில இருந்து எழுதுறார். அவர் போனா அவர்ர பெண்சாதிக்கு ஒண்டும் வராதாமே... தங்கச்சி, ஒண்டு கேக்கிறன். நாங்க காசத் திருப்பி எடுத்தா உங்கட கொமிசனும் போயிருமாம். பிரடெரிக்கிர மருந்துக்கு என்ன செய்வீங்க?"

ஒலிவ் போனைப் பறித்து அணைத்தார். காது சிவந்துவிட்டது.

"அது என்ன காசு எண்டு விக்கக்குள்ள நான் கேக்கல்ல சேர். ரெண்டு குமர வச்சிருக்கிற மனுசன். நம்மட ஊர்ல பொம்பிளப்புள்ளைக்கு வீடு குடுக்காம ஆர் கலியாணம் செய்து குடுக்கிற? கேக்காமலே எனக்கு விளங்கியிருக்கோணும்."



இர்ஷாத் மெல்ல எழும்பினான்.

"சேர், ஒரு கோல் எடுத்திட்டு வாறன்."

அடுத்து கம்சாயினி. "நானும் சேர்." பிறகு றோகான். பிறகு யாரும் கேட்கவுமில்லை, உதயரூபன் தடுக்கவுமில்லை. வாவிப் பக்கத்து விறாந்தை முழுக்க ஒரே குரல்கள். "அண்ணன், அந்தப் பத்திரம் வந்து எத்தின நாள்?" "மாமா, அது என்ன காசு எண்டு நான் கேக்கவே இல்ல..."

வகுப்பில் மிஞ்சியது ஒலிவ் மட்டும்தான்.

உதயரூபன் இடாப்பில் அந்தப் புள்ளடியை வெட்டிக் கையெழுத்து வைத்தார். ஒலிவின் பெயர் எழுதிய சான்றிதழை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார்.

"அக்கா, எல்லாரும் வரும்வரைக்கும் நீங்க வகுப்பப் பாருங்க."

"நீங்க எங்க சேர் போறீங்க?"

உதயரூபன் சட்டைப்பையிலிருந்து தன் போனை எடுத்தார்.

"நானும் இந்தத் திட்டத்துப் புத்தகத்த முந்தாநாள்தான் வாசிச்சனான். போன கிழமை எங்கட மாமிக்கு ஒண்டு வித்துப்போட்டன்."