காம்பவுண்டு சீரியலுக்கு ஒரு விமர்சனம்

“இன்னிக்கு அவன் தோலை உரிச்சுத் தொங்கவிடற, இன்னா?” என்று கேமராவைச் சரிசெய்தபடியே கேட்டாள் மஹ்விஷ்.

“உரிக்காம விடுவேனா?” என்றாள் ஷண்முகப்ரியா. யூடியூபில் சினிமா, சீரியல் விமர்சனம் செய்கிறவள் அவள். அடையாறில் ஒரு மாடி அறைதான் இருவருக்கும் ஆபீஸ்.

உரிக்க வேண்டியவன்தான். கல்யாணப் பத்திரிகை அடித்து மயிலாப்பூர் முழுக்கக் கொடுத்து முடித்த பிறகு, ‘நான் ஹீரோ ஆகப் போறவன், கல்யாணமெல்லாம் சரிப்படாது’ என்று வாட்ஸப்பில் ஒரு வரி தட்டிவிட்டுக் கம்பி நீட்டியவன் தமிழ்மாறன். ஷண்முகப்ரியாவின் அப்பா மறுபடி வீடு வீடாக ஏறி, கல்யாணம் நின்றுபோனதைச் சொல்லிவிட்டு வந்தார். அதை எந்த மகள் மறப்பாள்?

சரி, ஹீரோ ஆனானா? எங்கே! ‘ஒன்பதாம் நம்பர் காம்பவுண்டு’ என்கிற டிவி காமெடி சீரியலில், வயிற்றில் தலையணையைக் கட்டிக்கொண்டு அடகுக்கடை சேட்டாக நடித்துக்கொண்டிருக்கிறான். ராயப்பேட்டையில் ஒரே காம்பவுண்டுக்குள் எல்லா ஊர்க்காரர்களும் குடியிருக்கும் கதை.

“சேட்டுன்னா தொப்பை, பாய்னா பிரியாணி, மலையாளின்னா டீக்கடை! நானும் ராயப்பேட்டைல பொறந்தவதான். எங்க தெருவுல எவன்டி இப்டி கீறான்?” மஹ்விஷுக்குப் பொறுக்கவில்லை.

மற்ற விமர்சகர்கள் எல்லோரும் சீரியலைக் கிழித்துப் போட்டாகிவிட்டது. ஷண்முகப்ரியா நல்லது சொன்னால் ஊரே உட்கார்ந்து பார்க்கும். அவளும் கைவிட்டால் இழுத்து மூடிவிடலாம் என்று டிவிக்காரர்கள் காத்திருந்தார்கள்.

அந்த நேரம் பார்த்துக் கதவைத் தட்டிக்கொண்டு தமிழ்மாறனே வந்து நின்றான். என்ன தைரியம் பாருங்கள்!

“ஷண்மு, நான் பண்ணது மன்னிக்க முடியாத தப்பு. உன் ஆத்திரத்தையெல்லாம் இந்த விமர்சனத்துல கொட்டிடு. எனக்காகப் பாவம் பாக்காத,” என்றான். கண்கள்கூடக் கலங்கியிருந்தன.

நடுவே அவன் போன் அடித்தது. “அடுத்த மாசம் ஃப்ரீ ஆயிடுவேன் சார், கண்டிப்பா!” என்று குழைந்துவிட்டு வைத்தான்.

ஷண்முகப்ரியா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். “சரி, கிளம்பு,” என்றாள்.

கேமரா ஓடியது.

“இப்படி ஒரு சீரியல் வந்ததே இல்லைங்க. அதுலயும் அந்த சேட்டு! அவருக்காகவே தினமும் பாக்கலாம்!” என்று சிரித்த முகமாகப் பேசி முடித்தாள்.

மஹ்விஷ் கொதித்துப் போனாள். “அடிப்பாவி! ரெண்டு சொட்டுக் கண்ணீருக்கு உருகிட்டியே, வெக்கமா இல்ல?”

ஷண்முகப்ரியா வீடியோவை ஏற்றப் போய்விட்டாள்.

அடுத்த வாரமே எந்த வீட்டில் டிவியைப் போட்டாலும் அந்தக் காம்பவுண்டுதான். வெள்ளிக்கிழமை காலை தமிழ்மாறன் போனில் அலறினான்.

“நாசம் பண்ணிட்டியேடி! நிறுத்தறதா இருந்த சீரியலை அஞ்சு வருஷத்துக்கு நீட்டிட்டாங்க. அது முடியற வரைக்கும் வேற எதுலயும் நடிக்கக் கூடாதுன்னு அக்ரிமெண்ட் போட்டுக்கினு கீறேன். கைக்கு வந்த ஹீரோ சான்ஸ் போச்சு!”

“அப்படியா? இப்பதான் கபாலி கோயில்ல உன் சீரியல் பேருக்கு அர்ச்சனை பண்ணிட்டு வர்றேன், ஆயிரம் எபிசோடு ஓடணும்னு.”