ஏழாவது தடவை

குத்துவிளக்கு ஏற்றியாகிவிட்டது, பொன்னாடை போர்த்தியாகிவிட்டது, பட்டனும் அமுக்கியாகிவிட்டது. திரையில்தான் கப்பல் வந்தபாடில்லை.

தெற்கே இன்னொரு தீவில் இருக்கும் ஹட் பேக்குப் போகிற கப்பல் இந்த நிமிடம் கடலில் எங்கே இருக்கிறது என்று காட்ட வேண்டிய திரை அது. வட்டம் ஒன்று சும்மா சுற்றிக்கொண்டிருந்தது.

அந்தமானின் டெலானிபூர் அலுவலகத்தின் டைரக்டர் ஆவுடையப்பன் மைக்கைக் கையால் பொத்தினார். “என்னல சுரேந்தர், நெட் கயா? போச்சா?”

“வந்துரும் சார். தோடா ருக்கியே, கொஞ்சம் பொறுங்க.”

ப்ரோகிராமர் சுரேந்தரின் ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது. திரையில் கப்பல் வந்தால் இன்னொரு வருஷம். வராவிட்டால் அவனே கப்பலேற வேண்டியதுதான், மெயின்லேண்டுக்கு.

டைரக்டர் அசரவில்லை. நெட் விட்ட இடத்தைப் பேச்சால் அடைத்தார். ஆறு மாத இரவு பகல் உழைப்பு என்றார். ஜெர்மன் தொழில்நுட்பம் என்றார். ஹட் பேயில் வாழும் பாமர மக்களுக்கும் அதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதே தன் கனவு என்றார்.

சுரேந்தர் எழுதியது மொத்தம் பதினோரு வரி நிரல்.

மிச்சமெல்லாம் யாரோ எழுதி, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளட்டும் என்று இணையத்தில் போட்டுவைத்த ஆயத்த நிரல் தொகுப்பு, ஒரு லைப்ரரி. கப்பல்களின் இருப்பிடம் சொல்லும் வலைச்சேவையிடம் போய்க் கேட்டு, பதிலை வாங்கி வருவது அதன் வேலை. எழுதியவர் பெயர் ‘பி.கே.’ என்று மட்டும் இருந்தது. இலவசமாகக் கிடைத்தும் ஒழுங்காக வேலை செய்ததால், அது ஜெர்மன் சரக்காகத்தான் இருக்கும் என்று டைரக்டரே முடிவு செய்துவிட்டார்.

மற்ற லைப்ரரிகள் மூன்று தடவை கேட்கும். பதில் வராவிட்டால் சிவப்பு எழுத்தில் கையை விரித்துவிடும். இது ஏழு தடவை கேட்கும். ஒவ்வொரு தடவைக்கும் நடுவில் கொஞ்சம் கூடுதலாகவே காத்திருக்கும்.

நான்கு. ஐந்து. ஆறு.

சுரேந்தர் மனசுக்குள் முருகனைக் கூப்பிடவில்லை. பி.கே.யைக் கூப்பிட்டான்.

ஏழாவது தடவை, நீலக் கடலின் நடுவே பச்சைப் புள்ளி ஒன்று எட்டிப்பார்த்தது.

கைதட்டல். கப்பலைத் தானே கயிறு கட்டி இழுத்து வந்தவர் மாதிரி டைரக்டர் குனிந்து ஏற்றுக்கொண்டார். “பொழச்சல, போ. ஃபைல்ல கையெழுத்து போட்டுருதேன்” என்று சுரேந்தரின் தோளிலும் தட்டினார்.

நன்றியுரையில் இருபத்துமூன்று பேர். சமோசாக்காரர் உட்பட. பி.கே. இல்லை.

லைப்ரரியின் பக்கத்தில் கடைசியாக ஒரு வரி உண்டு: ‘உதவியாக இருந்தால், உங்கள் ஊர்ப் படம் போட்ட ஒரு தபால் அட்டை அனுப்புங்கள். அதுதான் கூலி. முகவரி கேட்டு மெயில் போடுங்கள்.’

சுரேந்தர் அங்கேயே, ஹாலின் மூலையில் நின்றபடி, போனில் ஆங்கிலத்தில் தட்டினான். ‘என் வேலையைக் காப்பாற்றிவிட்டீர்கள். ஆயுசுக்கும் நன்றி. அந்தமான் என்று ஒரு தீவு. நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். உங்கள் நாட்டுக்கு எவ்வளவு ஸ்டாம்ப் ஒட்ட வேண்டும்?’ கீழே ‘சுரேந்தர், டெலானிபூர்’ என்று போன் தானாகவே தமிழில் ஒட்டிக்கொண்டது.

சமோசா ஆறுவதற்குள் பதில் வந்தது. தமிழில்.

‘ஸ்டாம்ப் எல்லாம் வேணாம் அண்ணா. நாளைக்குக் கப்பல்ல வர்ற யார்கிட்டயாவது குடுத்து விடுங்க, கப்பல் நிக்கற ஜெட்டிக்கே வந்து வாங்கிக்கறேன். மூணு தடவையோட விட்டா எங்க ஊருல எந்த நெட்டு வரும்?

பங்கஜம் கணபதி,
ஹட் பே.’