சிவப்பு மாத்திரைக்குக் கேட்டது

வயிற்றெரிச்சலைத் தணிக்கும் வெள்ளைத் தூள் அது. தொழிற்சாலையில் இயந்திரம் அதை ஒரு சிவப்புக் கூட்டில் அடைத்து மூடியது. மருந்துக்கடைக்கு வந்ததும் அந்தத் தூளுக்கே வயிற்றெரிச்சல் வந்துவிட்டது. வருகிறவர்கள் எல்லாரும், "அந்தச் செவப்பு மாத்திரை குடுங்க" என்றே கேட்டார்கள்.

"வேலை என்னுடையது, பேர் உன்னுடையதா?" என்று கூட்டிடம் எரிந்து விழுந்தது தூள். "நான் இல்லாவிட்டால் நீ வெறுங்கூடு. தொழிற்சாலையிலேயே காற்றால் ஊதிக் குப்பையில் தள்ளியிருப்பார்கள்."

"நான் இல்லாவிட்டால் உன் கசப்புக்கு நாக்கில் பட்டதுமே துப்பியிருப்பார்கள்" என்றது கூடு.

அதன்பிறகு இரண்டும் பேசிக்கொள்ளவில்லை.

இசக்கியம்மாள் தன் கணவருக்காக அந்த மாத்திரையை வாங்கிப் போனாள். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தார். விழுங்கினார். உள்ளே போனதும் கூடு மெல்ல இளக ஆரம்பித்தது.

"கசக்காமல் கொண்டுவந்து சேர்த்துவிட்டேன். இனி உன் பாடு" என்றது.

தூளுக்குத் தலைக்குமேல் வேலை இருந்தது.

பொழுது சாயும் நேரத்தில் அவர் எழுந்து உட்கார்ந்து ரசஞ்சோறு கேட்டார். இசக்கியம்மாள் பக்கத்து வீட்டுக்காரியிடம், "அந்தச் செவப்பு மாத்திரைக்குத்தான்க்கா கேட்டுச்சு" என்றாள்.

தூளின் காதிலும் அது விழுந்தது. இந்தமுறை ஏனோ எரியவில்லை.

"கேட்டாயா, உன்னைத்தான் சொல்கிறாள்!" என்று சொல்லத் திரும்பியது.

கூடு கரைந்து வெகுநேரமாகியிருந்தது.