கப்பலுக்கு வேண்டாத ஆள்

வேலி தாண்டிக் குதித்தவனை, துணி துவைக்கும் தொட்டி அருகே ஜெத்ரோ மடக்கிப் பிடித்தான். தடிகளோடு இன்னும் மூன்று பேர் சூழ்ந்துகொண்டார்கள்.

போர்க்கப்பலுக்கு ஆள் பிடிக்கும் கூட்டம். போர்ட்ஸ்மத் துறைமுகத்தில் கடல் வேலை தெரிந்தவன் இவர்கள் கையில் சிக்கினால் அன்றைக்கே கப்பலில் ஏற்றிவிடுவார்கள். திரும்பி வருவது எந்த வருஷமோ.

லெப்டினன்ட் கிரிம்வுட் பிடிபட்டவனின் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். ரேகையெல்லாம் தார்.

"கப்பல் கயிறு இழுத்த கைதான். தூக்குங்கடா!"

வீட்டுக்குள்ளிருந்து ஒருத்தி ஈரக் கையோடு ஓடிவந்தாள். வழக்கமாக இங்கேதான் ஒப்பாரி ஆரம்பிக்கும். ஜெத்ரோ முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"வந்துட்டீங்களா மகராசனுங்களா! முதல்ல இந்த ஆளைக் கூட்டிட்டுப் போங்க!"

பிடிபட்டவன் வாயைப் பிளந்தான்.

"உன் புருஷனா?" என்றார் லெப்டினன்ட்.

"வேற எவன் வேலியேறிக் குதிச்சு வீட்டுக்கு வருவான்? வாசல்னு ஒண்ணு இருக்கறதே தெரியாது!"

"பேர் என்னடா உனக்கு?"

"பேர் ஒண்ணுதான் குறைச்சல் இதுக்கு!" அவளே முந்திக்கொண்டாள். "ராத்திரி பூரா சொறியுதுய்யா. நான் தூங்கி மாசமாச்சு."

"சொறியா?"

"பின்ன, கையில என்ன வெண்ணெயா பூசியிருக்கு? தார்! வைத்தியர் சொன்னார்னு நான்தான் தேச்சுவிட்டேன். அடங்குச்சா? எனக்கு ஒட்டி, பக்கத்து வீட்டுக்கு ஒட்டி, அவங்க நாய்க்கும் ஒட்டிடுச்சு!"

லெப்டினன்ட் சட்டென்று கையை உதறினார்.

பிடிபட்டவன் மெதுவாக முழங்கையைச் சொறிந்தான். அப்புறம் வயிற்றை. அப்புறம் இரண்டு கையாலும் முதுகை.

கப்பலில் ஐந்நூறு பேர் தோளோடு தோள் உரசித் தூங்குகிறார்கள்.

"ஐயா, எனக்குக் கழுத்துல என்னமோ பண்ணுது," என்றான் தடிக்காரன் ஒருவன்.

"விடுங்கடா அவனை!"

"என்னது, விடறதா?" அவள் அவனைக் கழுத்துச் சட்டையோடு பிடித்து லெப்டினன்ட் மேலேயே தள்ளினாள். "நல்லாயிருக்கே நியாயம்! ராஜாவோட பீரங்கிக்கு ஆள் வேணும்னு ஊரெல்லாம் கத்தறீங்க. இதைப் பீரங்கிக்குள்ள போட்டு வெடிங்க!"

லெப்டினன்ட் வேலியைத் தாண்டிவிட்டார். அவருக்கும் வாசல் ஞாபகம் வரவில்லை. மற்றவர்கள் சொறிந்துகொண்டே பின்னால் ஓடினார்கள்.

ஜெத்ரோவுக்குத்தான் மனசு கேட்கவில்லை. பிடிபட்டவனின் காதருகே குனிந்தான்.

"அண்ணே, உடம்பு தேறினதும் நீயா வந்து கப்பல்ல சேர்ந்துடு. இந்தம்மாவுக்குப் பீரங்கிச் சத்தம் எவ்வளவோ தேவலாம்."

தெருவுக்கு வந்து, வேலியோரம் மூச்சு வாங்க நின்றான். உள்ளே கூச்சல் நின்றுபோயிருந்தது.

"ரொம்ப நன்றிங்க," என்றது ஆண் குரல். "நீங்க யாருன்னுகூட எனக்குத் தெரியாது."

"எனக்கு மட்டும் உன்னைத் தெரியுமா? பின்வாசல் வழியா ஓடிடு," என்றாள் அவள். "போன வருஷம் வேற கப்பல்காரங்க வந்து என் புருஷனைப் பிடிச்சாங்க. கால்ல விழுந்து அழுதேன். அழுதா விட மாட்டாங்கன்னு எனக்கு அப்போ தெரியாமப் போச்சு."